நாள் போனால் ஆறுமா?

"நாளாக நாளாகச் சரியாயிரும். நடந்ததை யார்கிட்டயும் பேசாதே." புருஷனிடம் அடிபட்டுத் தாய்வீடு திரும்பும் பெண்ணுக்குக் காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் முதல் ஆறுதல் இதுதான். பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு.

தழும்பு மறைந்த பிறகும் உடம்பு மறப்பதில்லை. அடுப்படியில் தட்டு விழுந்தால் குலை நடுங்குகிறது. வாசலில் வண்டி நின்றால் மூச்சு முட்டுகிறது. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. 'என்மேல்தான் தப்போ' என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அடியை எதிர்பார்த்தே வாழ்ந்த மனம், அடி நின்ற பிறகும் காவலை விடாது. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இத்தனை பேரின் காயத்தையும் காலம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா?

பேசாமல் இருப்பதால் யாருக்கு லாபம்? செட்டிநாட்டு வீட்டில் வாசல்பக்க முகப்பு ஊருக்கு, உள்முற்றமான வளவு குடும்பத்துக்கு. வளவில் நடந்தது முகப்புக்கு வரக்கூடாது என்று பதறுகிறவர்கள் வீட்டின் பெயரைக் காக்கிறார்கள். அடித்தவனுக்கு வர வேண்டிய வெட்கம் அடிபட்டவள் தலையில் விழுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சிக்கு மூன்று படிகள் சொன்னார்: பாதுகாப்பு, நடந்ததைச் சொல்லித் துக்கம் தீர்த்தல், மறுபடி மனிதரோடு இணைதல். "இன்னொரு தடவை சேர்ந்து வாழ்ந்து பாரு" என்று பஞ்சாயத்துப் பேசும் வீட்டில் முதல் படியே கிடையாது. அவள் விரும்பும்போது, விரும்பியவரிடம் பேச இடம் கொடுக்காத வீட்டில் இரண்டாவதும் இல்லை. குன்றக்குடி முருகனைக் கும்பிட்டு வருவது அவளுக்குத் தெம்பு தரலாம். திரும்பி வந்ததும் அதே புருஷன் வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் தெம்பு எத்தனை நாளைக்கு?

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனவதையையும் பணம் தராமல் முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. பாதுகாப்பு ஆணையும், வாழ்ந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தூக்கமின்மையும் பயமும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போவது காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதைப் போன்றதே.

பெற்றவர்கள் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை, அவள் பெயரில் வங்கிக் கணக்கு, அவள் கையிலேயே அவள் நகை, வேலைக்குப் போக வழி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள்: "நீ சொல்றதை நம்புறோம்மா. திரும்பிப் போன்னு சொல்ல மாட்டோம்."