கலைப் பரிமாற்றம் என்பது உடைமாற்றமா?



ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். ஒரு மாணவன் பாஜு மெலாயு அணிவான். ஒரு மாணவி சியோங்சாம் அணிவாள். இன்னொருத்தி சேலை உடுத்துவாள். படம் எடுப்போம். 'பல்லினக் கலைப் பரிமாற்றம்' என்று அறிக்கை எழுதிக் கோப்பில் வைப்போம். இதில் எவர் எவருக்கு எதைக் கொடுத்தார்? எவர் எதைப் பெற்றார்?

உண்மையான பரிமாற்றம் எப்படி நிகழும் என்பதற்குப் பாத்திக் துணி ஒன்றே சான்று. மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் மலாய், சாவகக் கைத்தொழிலை, சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங் 1950களில் ஓவியமாக்கினார். அதே பாத்திக் சென்னைக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எனப் பலர் அங்கே அண்டை வீட்டுக்காரர்களாயினர். காட்சிக்கூடத்தையும் தாங்களே நடத்தினர். எந்த அமைச்சரும் நாடா வெட்டும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

'அது சென்னை, இது தோட்டம்' என்பீர்கள். கோலாலம்பூரில் 2004இல் கலைஞர்களே தொடங்கிய லோஸ்ட்ஜென்ஸ் சென்னையில் இல்லையே! 2011இல் எம்ஆர்டி பாதைக்காக ஜாலான் சுல்தான் கடைவீடுகள் பறிபோகும் நிலை வந்தபோது, அக்கலைஞர்கள் அவ்வட்டார மக்களோடு நின்றனர். நம் லயங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நம்மோடு நின்ற ஓவியர் யார்? பெரட்டுக் களத்தையும் பால்வாளியையும் எவராவது வரைந்து வைத்தார்களா? தோட்டத் துண்டாடலைப் பற்றி மேடையில் முழங்கினோம். சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை.

நெகிரி செம்பிலானில் வாழும் நம் பிள்ளைகள் மினாங்கபாவ் கூரையின் எருமைக்கொம்பு வளைவைப் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கிறார்கள். ஆனால் வகுப்பில் வரையச் சொன்னால், இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் தென்னை. அதையும் வரைய விடுகிறோமா? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. எனினும் கலைக்கல்விப் பாடவேளையைக் கணிதப் பயிற்சிக்குத் தாரைவார்க்கும் வழக்கம் மட்டும் சாகவில்லை. 'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா, சார்?' என்று கேட்கும் பெற்றோருக்குப் பாத்திக் விற்று நிலம் வாங்கிய கதையைத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துப் பழைய மண்டபம் ஒன்றைக் கலைஞர்களிடம் விடுங்கள் என்பதே என் கோரிக்கை. பள்ளியிடமும் வேண்டா; கட்சிக் கிளையிடமும் வேண்டா. பள்ளி நடத்தினால் அது போட்டியாகிவிடும். கட்சி நடத்தினால் படத்தைவிடப் பதாகை பெரிதாகிவிடும். மரம் செதுக்கும் மலாய்க்காரரும், கடைப்பலகை எழுதும் சீனரும், மெங்குவாங் ஓலை முடையும் தெமுவான் பெண்மணியும் அங்கே வந்து வேலை செய்யட்டும். நம் பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து கையைக் கறையாக்கிக்கொள்ளட்டும். நம் பாட்டிமார் கோலப்பொடியோடு வரட்டும். அவர்களும் சிலவற்றைக் கற்றுக்கொடுப்பார்கள்.

எங்கள் வட்டாரத்தில் அப்படியொரு மண்டபம் இருக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலிகளும் பழைய தேர்தல் பதாகைகளும் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.