இடது பக்கம் டெபிட், இடது பக்கம் ரூமன்!

போன மாதம் என் அக்கா மகள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். பெட்டியில் நாலு சுடிதார். மிச்சம் முழுக்க எலும்புப் படம் போட்ட புத்தகங்கள். கால்நடை மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் வேலைக்கு டிப்ளமோ படிக்கிறாள். பத்து நாளில் உடற்கூறியல் பரீட்சை.

“ஓ! மாட்டாஸ்பத்திரி நர்ஸா?” என்றார் எதிர் ஃப்ளாட் மாமி, மூக்கைச் சற்றே சுருக்கி.

“ஆமா மாமி. இங்கிலாந்துல பேரே வெட்டரினரி நர்ஸ்தான்” என்றாள் இவள், சிரித்துக்கொண்டே.

அங்கேயும் அந்தப் பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. 1961-ல் பயிற்சி ஆரம்பித்தபோது, ‘நர்ஸ் என்றால் மனிதர்களைக் கவனிப்பவர் மட்டுமே’ என்று சொல்லி, ‘உதவியாளர்’ என்கிற மாதிரிதான் பட்டம் கொடுத்தார்கள். 1984-ல்தான் நர்ஸ் ஆனார்கள். 23 வருஷம்! நம் ஆபீஸ் ப்ரமோஷனே தேவலை.

“மாமா, நீங்க கேள்வி கேளுங்க, நான் ஒப்பிக்கிறேன்” என்று தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் புத்தகத்தை என் மடியில் போடுவாள். நானோ பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே உடற்கூறு பேலன்ஸ் ஷீட்டுடையது. ஆனாலும் தாய்மாமன் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

“குதிரைக்கு எத்தனை ஜோடி விலா எலும்பு?”

“பதினெட்டு. நாய்க்குப் பதிமூணு. உங்களுக்குப் பன்னிரண்டு.”

“மாட்டுக்கு மேல்வரிசை முன்பல்?”

“கிடையவே கிடையாது மாமா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் மாட்டுப் பொங்கல் கொண்டாடியிருக்கிறேன். ஒரு தடவையாவது வாயைத் திறந்து பார்த்தேனா?

மாட்டின் வயிற்றுக்கு வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. நாலு அறைகள். முதல் அறை ரூமன், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் கோடவுன். கிடைத்த சரக்கை மென்றது பாதி, மெல்லாதது பாதியாக உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து அசை போடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் எட்டு மணி நேரம். எங்கள் ஆபீஸில் ஃபைல் பார்ப்பதும் அப்படித்தான். என்ன, மாடு கடைசியில் பால் கொடுக்கும்.

“ரூமன் எந்தப் பக்கம்னு அடிக்கடி குழம்புது மாமா” என்றாள்.

“டெபிட் எந்தப் பக்கம்? இடது. ரூமனும் இடது. முடிஞ்சுது!” என்றேன். என் பட்டப்படிப்பு குடும்பத்துக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

இரண்டாவது அறை ரெட்டிக்குலம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றது. மாடு எதையும் பொறுக்கிப் பார்த்துத் தின்னாது. தீனியோடு ஆணியும் கம்பித் துண்டும் சேர்ந்து போய் இந்த அறையில் தங்கிவிடும். இதற்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் ஒன்றுதான் தடுப்பு. வயிறு சுருங்கச் சுருங்க ஆணி முன்னால் நகர்ந்து இதயத்தையே குத்திவிடலாம். அதனால் பல இடங்களில் மாட்டை ஒரு காந்தத்தை விழுங்க வைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் வயிற்றிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் தெருவில் குப்பையை மேய்ந்துகொண்டிருந்த மாட்டை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுப் பூனை சின்னு சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. காய்ச்சல்! வீட்டில் பாராசிட்டமால் இருந்தது. கால் மாத்திரையைப் பொடி பண்ணிப் பாலில் கலந்து கிண்ணத்தை அதன் முன்னால் நீட்டினேன்.

“மாமா!” என்று ஒரு அலறல். புத்தகம் ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். பால் என் வேட்டி மேல்.

“பூனைக்கு இது விஷம் மாமா! ஒரு மாத்திரையே கொன்னுடும்.”

நாம் விழுங்கும் பாராசிட்டமாலை நம் கல்லீரல் ஒரு என்சைமின் உதவியோடு முறித்து வெளியே அனுப்பிவிடுகிறது. பூனைக்கு அந்த என்சைம் போதாது. மருந்து உள்ளேயே விஷமாக மாறி, ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். பிராணவாயுவைச் சுமக்க ஆளில்லாமல் ஈறு பழுப்பாகி, மூச்சுத் திணறி... எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாசத்தோடு கொலை செய்ய இருந்திருக்கிறேன்.

“அது போக, 101 டிகிரி பூனைக்கு நார்மல். நம்ம கைக்கு எப்பவும் சுடத்தான் செய்யும். அளந்து பார்க்கணும்” என்று பையிலிருந்து தர்மாமீட்டரை எடுத்தாள். பூனைக்கு அதை வாயில் வைப்பதில்லை. எங்கே வைப்பார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். 104 காட்டியது. நிஜமான காய்ச்சல்தான்.

உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தாள். விலா ஏறி இறங்குவதை வாட்ச் பார்த்து எண்ணினாள். பிறகு இரண்டு கைகளாலும் தலையிலிருந்து வால்வரை, இடமும் வலமும் ஒரே நேரத்தில், மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். வால் அடியில் கை நின்றது. ரோமத்துக்குள் வலது பக்கம் மட்டும் ஒரு வீக்கம்.

“சண்டை போட்டுட்டு வந்திருக்கான். கடிபட்ட இடம் சீழ் கட்டியிருக்கு. நான் மருந்து கொடுக்கக் கூடாது. டாக்டர்தான் பார்க்கணும்.”

காலையில் முதல் ஆளாகப் போனோம். டாக்டர் சீழை எடுத்துவிட்டு ஊசி போட்டார். “யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். தாய்மாமன் நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது.

நமக்கு வலித்தால் பக்கத்து டேபிள் வரை சொல்லி லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அதுகளுக்கு வாய் கிடையாது. எது எந்த இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தப் பெண் எலும்பெலும்பாக மனப்பாடம் செய்தது மார்க்குக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று சாயங்காலம் எதிர் ஃப்ளாட் மாமி தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு, “அம்மாடி, இதை ஒரு தடவை பாரேன்” என்று வந்து நின்றார். மூக்கு நேராகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. எனக்கு ஆபீஸ் போக மனசில்லை. “உடம்பு சுடற மாதிரி இருக்கு” என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

“தொட்டுச் சொல்லக் கூடாது மாமா. அளந்து பார்க்கணும்” என்று அவள் பையைத் திறந்தாள்.

அவளிடம் இருப்பது ஒரே தர்மாமீட்டர்தான்.

எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.