குளிர்காலச் செலவுக்கு ஏற்ற கலம் எது?

மார்கழி விடுமுறை நெருங்குந்தோறும் நம் கல்லூரி விடுதிகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. சிலர் கப்பற் கம்பெனியார் அச்சிட்டுப் பரப்பும் வண்ணப் படங்களைக் கையிலேந்தி, பனிமலைகளையும் உறைகடலையும் காண விரும்புவோர் எவ்வகைக் கப்பலில் ஏறுதல் தகும் என்று வாதிப்பர். மற்றுஞ் சிலர், அவ்வளவு தொலைவு போவானேன், முட்டுக்காட்டில் அரைமணி நேரம் படகேறி வந்தாற் போதாதோ என்று நகைப்பர். இவ்வாண்டு இரு கட்சியாரும் எம்மிடம் வந்து தீர்ப்புக் கேட்டனர். இரண்டும் ஒரே வினா என்பதும், அவ்வினாவுக்கு விடை கூற நம் செங்கற்பட்டுச் சீமையே போதிய சான்றுடைத்து என்பதும் எம் கருத்து. அதனை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

கப்பலைத் தேர்வோர் பெரும்பாலும் எதனை நோக்குகின்றனர்? எத்தனை அடுக்கு, எத்தனை விருந்துச் சாலை, நீராடும் தடாகம் உண்டோ, நாடக மேடை உண்டோ என்பனவற்றையே நோக்குகின்றனர். கப்பலைக் காணவே செல்வோர்க்கு இஃது ஒக்கும். நிலத்தையும் நீரையும் காணச் செல்வோர்க்கோ இவை இடையூறாதல் கூடும். தென்துருவத்துக் கரையில் ஒரே சமயத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்கலாகாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் எவரையும் இறக்கலாகாது. அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் 2009-ஆம் வருஷத்தில் ஏற்றுக்கொண்ட நெறி இது. அங்குக் கப்பல் ஓட்டும் சங்கத்தாரும் இதனைக் கைக்கொண்டு வருகின்றனர். ஆகவே பெருங்கப்பலில் மிக்க பொருள் கொடுத்துச் சென்றவன் பென்குவின் பறவையைக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே காண்பான். சிறு கப்பலிற் சென்றவன் அதன் அருகே நிற்பான்.

நார்வே நாட்டினர் இவ்வுண்மையை வேறொரு வழியால் அறிந்தனர். அந்நாட்டின் மேலைக் கரை முழுதும் மலைகளுக்கிடையே கடல் புகுந்த குடாக்களாம். 1893-ஆம் வருஷம் தொடங்கி அக்கரையோரமாகத் தபாற் கப்பல்கள் ஓடிவருகின்றன. கடிதமும் மீனும் சரக்கும் ஏற்றவே அவை ஏற்பட்டன. மனிதர் உடன் ஏறிக்கொண்டனர். சிற்றூர்த் துறைதோறும் நின்று செல்லவேண்டிய கடமை அவற்றுக்கு இருந்தமையால், எழில் காண்பதற்கென்றே கட்டிய கப்பல் காட்டாதனவற்றையும் அவை காட்டின. உழைக்கும் கலமே நல்ல காட்சிக்கலம் என்னும் இக்கருத்தைப் படிப்போர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இதற்குப் பின்னர்த் திரும்பி வருவோம்.

சிறியது எல்லாம் நல்லது என்று யாம் கூறவில்லை. துருவக் கடலில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே 1969-ஆம் வருஷத்தில் கட்டப்பட்ட எக்ஸ்புளோரர் என்னும் சிறு கப்பல், பனிக்கட்டியைத் தாங்கும் வலிய உடல் பெற்றிருந்தும், 2007-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி பனியில் மோதி அக்கடலிலேயே ஆழ்ந்தது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காக்கும் படகுகளில் மணிக்கணக்காகக் குளிரில் நடுங்கிக் கிடந்து, வழியே வந்த நார்வேக் கப்பல் ஒன்றினால் உயிர் பிழைத்தனர். உதவி அருகில் இருந்ததும் அன்று கடல் சீறாமல் இருந்ததும் அவர் செய்த பேறு. கலத்தின் உறுதியோடு பருவத்தையும் எண்ணாதவன் பாதி எண்ணியவனே.

பருவத்தை எண்ணுதலில் நம் சோழமண்டலக் கரையைப் போன்ற ஆசான் இல்லை. பிற நாட்டார் குளிர்காலம் என்று ஒரே சொல்லாற் கூறுவதை நம் கடல் இரண்டாகப் பிரிக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் வாடைக்காற்றும் புயலும் உடையன. சில ஆண்டுகளில் மார்கழியும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். தையும் மாசியுமோ தெளிந்த வானமும் அடங்கிய அலையும் உடையன. இவ்வேறுபாட்டை அறியாதார் பட்ட பாடு பெரிது. 1746-ஆம் வருஷம் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அக்டோபர் மாதத்திலும் தம் கப்பல்களை அக்கரையெதிரே நிறுத்தியிருந்தார். ஓரிரவுப் புயல் அக்கப்பற்படையைச் சிதைத்தது. ஆங்கிலப் பீரங்கிகள் செய்யாததை வாடைக்காற்று செய்தது. அஃது பழங்கதை என்பார்க்கு அண்மைக்கதை ஒன்றும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்னும் விரைவுக் கப்பல் 2023-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதி மிக்க ஆரவாரத்துடன் புறப்பட்டது. சில நாட்களுக்குள் பருவமழையை முன்னிட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கலத்தின்மேற் குற்றமில்லை, நாட்குறித்தோர் மீனவக் கிழவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். திருமங்கையாழ்வார் காலத்தில் யானைகளும் நிதிக்குவையும் சுமந்து பாரத்தால் தாழ்ந்த கலங்கள் உலவிய கடல்மல்லை இது. இன்று அக்கரைக் கோயிலுக்கு எதிரே எந்தப் பெருங்கப்பலும் அணைவதில்லை, அணைய இடமுமில்லை. ஆழமற்ற மணற்கரையும், ஒன்றன்பின் ஒன்றாய் உடையும் அலையும் கப்பலைத் தொலைவில் நிறுத்திவிடும். சென்னையிலும் துறைமுகம் கட்டும் முன்னர் இதுவே நிலைமை. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே துரைமாரையும் துரைசானிமாரையும் அலைமேல் ஏற்றிக் கரை சேர்த்தன. ஆணி அறைந்த படகு தரையில் மோதின் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மீனவரின் கட்டுமரமும் அத்தகையதே. நீரின் இயல்பறிந்து கலத்தை அமைத்தவர் நம் முன்னோர். கலத்தை முதலில் வாங்கிப் பின்னர் நீரைத் தேடுகிறவர் நாம்.

ஆயினும் மல்லைக்குச் செல்லக் கடல் ஒன்றே வழியன்று. கரைக்கு இணையாக, அலைகளின் தொல்லை சிறிதுமின்றி, ஒரு நீர்வழி முன்னரே உண்டு. 1806-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் ஒருவர் வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் அரசாங்கத்தார் கைக்கு மாறி, வடக்கே ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி வேலையாக வெட்டப்பட்டது. அக்காலத்துக் கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று வழங்கலாயிற்று. மண்சுமந்த அவ்வேழைகளின் பெயர் எதுவும் அதற்கு இடப்படவில்லை.

இக்கால்வாயில் ஓடிய படகுகள் அடி தட்டையானவை. சிறிதளவு நீரிலும் மிதப்பவை. கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும், காற்று வாய்த்தபோது பாய் விரித்தும் செலுத்துவர். சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் அவற்றின் சரக்கு. மல்லைச் சிற்பங்களைக் காண விரும்பிய அந்நாளைப் பிரயாணிகள் மாலையில் சென்னையிற் படகேறி, இரவெல்லாம் உறங்கியும் விழித்தும் சென்று, விடிந்தபின் மல்லைக்கு மேற்கே இறங்குவர். செங்கற்பட்டிலிருந்து வருவோர் திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, இதே கால்வாயை ஓடத்தாற் கடந்து ஊருக்குள் புகுவர். நார்வேத் தபாற் கப்பலைப்பற்றி முன்னே கூறினோமன்றோ? அதன் ஏழைத் தம்பி இவ்விறகுப் படகு. விரைவில்லாமையே அதன் சிறப்பு. நிலவொளியில் உப்பளங்கள் வெளுத்துக் கிடப்பதையும், பனைவரிசை மெல்லப் பின்னே நகர்வதையும் மணிக்கு இரண்டு மூன்று மைல் செல்பவனே காண்பான்.

அவ்வழி இன்று அடைபட்டது. லாரிகள் பெருகின, 1960-களின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன, நகரத்தின் கழிவுநீர் உட்புகுந்தது. இறுதியாகச் சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயின் நடுவிலேயே நாட்டினர். பஞ்சத்தில் வெட்டியதைச் செழிப்பில் தூர்த்தோம். 2008-ஆம் வருஷத்தில் இக்கால்வாயையும் உட்படுத்தித் தேசிய நீர்வழி 4 என்று இந்திய அரசாங்கத்தார் அறிவித்தனர். சென்னையிற் படகேறி மல்லையில் இறங்கும் வாய்ப்பு அவ்வறிவிப்பினால் இன்னும் வந்திலது.

எஞ்சியிருப்பது முட்டுக்காடு. கோவளத்துக்கு அருகே உப்பங்கழி விரிந்து கடலை நோக்கும் அவ்விடத்தில், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் பலவகைப் படகுகளை வைத்துள்ளனர். சென்ற தை மாதத்தில் யாம் நண்பர் சிலருடன் அங்கே சென்றிருந்தோம். முதலில் இளைஞர் விருப்பத்துக்கு இணங்கி வேகப் படகில் ஏறினோம். நீர் முகத்தில் அறைந்தது, காது அடைத்தது, சட்டை நனைந்தது. சில நிமிஷங்களில் இறக்கிவிட்டனர். என்ன கண்டீர் என்று எவரேனும் வினவியிருந்தால், முன்னிருந்தவர் முதுகைக் கண்டோம் என்றே விடை கூறியிருப்போம். பின்னர்த் துடுப்புப் படகில் ஏறினோம். சேற்றுத் திட்டில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவதும், நீர்க்காகம் ஒன்று கழியின்மேல் சிறகு விரித்து உலர்த்துவதும், மீனவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுவதும் அப்பொழுதுதான் தெரிந்தன. அவ்வலையினருகே மோட்டார் படகொன்று விரைந்து சென்றது. கொக்குகள் யாவும் ஒருங்கே எழுந்து பறந்தன. மீனவர் ஒன்றும் கூறவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு அப்பால் நகர்ந்தார். அவருடைய ஒருநாள் உணவை நம் சில நிமிஷக் களிப்பு கலைத்தது என்று எமக்கு உறைத்தது.

அங்கே இரண்டடுக்கு உணவுக் கப்பலும் மிதக்கின்றது. பிறந்தநாள் விருந்து நடத்துவோர்க்கு அது தக்கதே. அதனை யாம் பழிக்கவில்லை. கப்பல் என்று அழைக்கத்தான் சிறிது தயங்குகிறோம்.

கால்வாய் என்றேனும் தூரெடுக்கப்படுமாயின், அதில் எவ்வகைக் கலத்தை விடுவது என்பது அன்று பெரிய வினாவாகும். விரைவுப் படகுக் கம்பெனிகள் முந்திக்கொண்டு வரக்கூடும். விரைந்து செல்லும் படகின் பின்னே எழும் அலை மண்கரையை நாள்தோறும் அரிக்கும், வலைகளைக் கிழிக்கும், வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் குளிர்காலத்தில் வரும் பறவைகள் இளைப்பாறும் நீர்நிலைகளைக் கலக்கும். இதற்கு மாற்று இல்லையோ எனின், உண்டு. மலையாள நாட்டில் வைக்கத்திலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடக்க, 2017-ஆம் வருஷம் ஆதித்யா என்னும் ஓடத்தை விட்டனர். கதிரவன் ஒளியால் மின்சாரம் பெற்று 75 பேரை ஏற்றிச் செல்வது அது. எண்ணெய்ப் புகையில்லை, இயந்திர இரைச்சலில்லை. இரட்டை உடல் கொண்ட அவ்வகைக் கலத்துக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் நம் கட்டுமரம் என்னும் சொல்லின் திரிபே. நம் சொல் உலகெலாம் சுற்றி வைக்கம் வரை வந்துவிட்டது. முட்டுக்காட்டுக்கு வர இன்னும் சில காதமே உள்ளது. நம் கல்லூரியிற் பயின்று இன்று அரசாங்க அலுவல்களிலும் பொறியியல் தொழிலிலும் உள்ள பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்கள் கையெழுத்திடும் காகிதங்களில் இக்கால்வாயைப் பற்றியது ஒன்று வருமாயின், ஓடவேண்டிய கலம் எது என்பதையும் அதிற் குறிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

விடுதி நண்பர்களுக்கு எம் தீர்ப்பு இது. பனிக்கடல் செல்லப் பொருள் வாய்த்தோர் சிறு கப்பலையும், அதன் தலைவர் அக்கடலில் எத்தனை பருவம் ஓட்டியவர் என்பதையும் விசாரித்து ஏறுக. அது வாய்க்காதோர் மார்கழியில் அவசரப்படாது, பொங்கல் கழிந்த பின்னர் ஒருநாள் முட்டுக்காட்டுக்கு முதற் படகு விடும் நேரத்துக்கே சென்று துடுப்புப் படகைக் கேட்டு வாங்குக. மாலையில் மல்லை செல்வோர் ஊருக்கு மேற்கே கால்வாய்ப் பாலத்தில் இறங்கிச் சிறிது நேரம் நின்று அந்நீரையும் பார்த்துச் செல்க. கம்பளிச் சால்வை வேண்டுவதில்லை. ஆயினும் வீட்டில் தாய்மார் கொடுத்தனுப்பினால் மறுக்காமல் வாங்கிக்கொள்க.