பட்டியலில் பெயர் இல்லையென்றால் குத்தகை இல்லை!



குத்தகை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சாலை, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குத்தகையும் உண்டு. அதுதான் கணினிக் குத்தகை. குடிநுழைவு முதல் மருத்துவமனைப் பதிவு வரை இன்று எல்லாம் கணினியில்தான் ஓடுகின்றன. அதற்கு மென்பொருள் எழுதுவது, பழுது பார்ப்பது, தகவல்களைப் பாதுகாப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதியை அரசாங்க இலாகாக்கள் தனியார் நிறுவனங்களிடமே ஒப்படைக்கின்றன.

கடன் வாங்கிப் பிள்ளையை ஐ.டி. படிக்க வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். படித்து முடித்த பிள்ளைக்கு அந்த வேலை ஏன் எட்டாமல் போகிறது? எட்டினாலும் ஏன் கடைசிப் படியில் நிற்கிறது? விடை வேண்டுமானால் முதலில் 'பட்டியலை'ப் புரிந்து கொள்ள வேண்டும்.

பட்டியல் என்றால் என்ன?

ஒரு கோயில் மண்டபத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நிர்வாகம் மூன்று சமையல்காரர்களைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுவிடுகிறது. அதன்பிறகு அங்கே கல்யாணம் வைப்பவர்கள் அந்த மூவரில் ஒருவரிடம்தான் சாப்பாடு சொல்ல வேண்டும். நான்காவது ஆள் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் உள்ளே வர முடியாது.

அரசாங்கமும் இதையே செய்கிறது. எல்லா இலாகாக்களுக்கும் பொதுவாகத் தேவைப்படுவதற்கு 'கொன்ட்ராக் பூசாட்', அதாவது மத்தியக் குத்தகை. சில நிறுவனங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வது 'பேனல்'. பட்டியல் தயாரானதும் இலாகா ஒவ்வொரு முறையும் புதிதாக டெண்டர் விட வேண்டியதில்லை; பட்டியலில் உள்ளவர்களிடம் நேராக ஆர்டர் கொடுத்துவிடலாம்.

2022-ல் வந்த 'கிளவுட்' கட்டமைப்பு ஒப்பந்தம் இதற்கு நல்ல உதாரணம். இலாகாக்கள் தகவல்களைச் சேமித்து வைக்கும் சேவையை அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட், டெலிகோம் மலேசியா ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களிடமிருந்து வாங்க வழி செய்யப்பட்டது. அந்நிய நிறுவனங்களின் சேவை உள்ளூர் இடைநிலை நிறுவனங்கள் வழியாக வருகிறது. ஆக, கதவு திறந்திருப்பது டெண்டர் நாளில் அல்ல, பட்டியல் தயாராகும் நாளில். அந்த நாள் நமக்குத் தெரிவதே இல்லை.

பட்டியல் தேவையே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. பட்டியலால் நேரம் மிச்சம். எல்லா இலாகாக்களுக்கும் சேர்த்து விலை பேசினால் விலையும் குறையும். ஒப்பந்தமே இல்லாமல் வேலை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைசெஜாத்ரா சாட்சி. 2020-ல் கோவிட் காலத்தில் ஒரு நிறுவனம் சமூகச் சேவையாக அதைச் செய்து கொடுத்தது. கோடிக்கணக்கான மலேசியர்களின் விவரங்கள் சேர்ந்த பிறகு, அது யாருக்குச் சொந்தம், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி 2022-ல் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரை போனது.

ஒரே குத்தகையை ஒரே நிறுவனத்திடம் நீண்ட காலத்துக்குக் கொடுத்தாலும் ஆபத்துதான். 1பெஸ்தாரிநெட் மறந்து போயிற்றா? சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதி கொடுக்க 15 ஆண்டுத் திட்டம், மதிப்பு 400 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். முதல் கட்டத்துக்கு மட்டும் 66 கோடியே 30 லட்சம் ரிங்கிட். ஆனால் அதில் வந்த இணையக் கற்றல் தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக் கூடத் தொடவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019 ஜூன் மாதத்தோடு அந்தக் குத்தகை முடிவுக்கு வந்தது.

ஆகவே நம் சண்டை பட்டியலோடு அல்ல. பட்டியலில் யார் இருக்கிறார்கள், என்ன விலைக்கு இருக்கிறார்கள், வேலையை உண்மையில் யார் செய்கிறார்கள்? இந்த மூன்றும்தான் நம் கேள்வி.

முதல் கேள்வி: யார் இருக்கிறார்கள்?

அரசாங்கத்துக்குச் சேவை விற்க நினைக்கும் நிறுவனம் முதலில் நிதியமைச்சில் பதிந்து, தன் தொழிலுக்குரிய குறியீட்டைப் பெற வேண்டும். அதற்கு மேல் பூமிபுத்ரா தகுதி என்று ஒன்று. குறைந்தது 51 விழுக்காடு பங்கு பூமிபுத்ராக்களிடம் இருக்க வேண்டும். பொருளும் சேவையும் வாங்குவதில் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரையிலான வேலைகள் பல ஆண்டுகளாக அந்த நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட்டு வந்தன. அதற்கு மேல் 1 கோடியே 50 லட்சம் ரிங்கிட் வரை, தொகைக்கு ஏற்ப 10 முதல் 2.5 விழுக்காடு வரை விலைச் சலுகை. சின்ன கம்பெனி முதலில் காலூன்றக் கூடிய வேலை எது? அந்தச் சின்ன வேலைதான். அதே இடத்தில்தான் நம் பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டது. சின்ன வேலை செய்த அனுபவம் இல்லாதவனைப் பெரிய பட்டியலில் யார் சேர்ப்பார்கள்?

"அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது" என்பார்கள். 153-ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். அரசாங்க வேலை, உபகாரச் சம்பளம், கல்வி வசதி, வணிக லைசென்ஸ் என்று அதில் இருக்கிறது. அரசாங்கக் குத்தகை என்ற சொல் இல்லை. இது 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையிலிருந்து வளர்ந்த நடைமுறை. மனிதர்கள் போட்ட விதியை மனிதர்கள் திருத்தலாம்.

இதில் மலாய்ச் சகோதரர்களின் வயிற்றில் அடிக்கும் எண்ணம் நமக்குத் துளியும் இல்லை. கம்போங்கிலிருந்து படித்து வந்த மலாய் இளைஞனுக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை. பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் கமிஷன் வாங்கும் 'அலிபாபா' முதலாளிக்குத்தான் லாபம்.

இரண்டாவது, மூன்றாவது கேள்வி: விலை என்ன? வேலை செய்வது யார்?

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம். ஒரு கணினி நிபுணரின் ஒரு நாள் வேலைக்கு இலாகா 1,000 ரிங்கிட் கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். மாதம் 22 நாள் என்றால் 22,000. பட்டியலில் உள்ள நிறுவனம் அதைத் துணைக் குத்தகைக்கு விடுகிறது. அவர் இன்னொருவருக்கு விடுகிறார். கடைசியில் இலாகாவில் உட்கார்ந்து சர்வரைப் பழுது பார்க்கும் பையன் கையில் 2,500 ரிங்கிட். நடுவில் போன 19,500 யார் பையில்? அந்தப் பையனுக்கு இபிஎஃப் உண்டா? சொக்சோ உண்டா? ஆறு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தால் அவன் கதி என்ன?

மற்ற நாடுகளில் இதை மூடி வைப்பதில்லை. அமெரிக்க மத்திய அரசின் முன்னொப்பந்தங்களில் எந்தத் தரத்து ஊழியருக்கு மணிக்கு எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பிரிட்டன் 2012-ல் தொடங்கிய 'ஜி-கிளவுட்' பட்டியலில் நிறுவனங்களின் பெயரும் விலையும் பகிரங்கம். இங்கேயும் 2010 முதல் டெண்டர் முடிவுகளை இணையத்தில் போடுகிறார்கள். ஆனால் குத்தகை யாருக்குப் போனது என்று தெரிந்தால் போதுமா? பட்டியலுக்குப் பின்னால் ஒவ்வொரு ஆர்டரும் யாருக்குப் போகிறது என்றல்லவா தெரிய வேண்டும்!

நாம் கேட்க வேண்டியது

அரசாங்கக் கொள்முதல் சட்ட மசோதா 2025 ஆகஸ்டு மாதம் மக்களவையில் நிறைவேறியது. அதுவரை பெரும்பாலும் நிதியமைச்சின் சுற்றறிக்கைகளை வைத்தே கொள்முதல் நடந்து வந்தது. அமைச்சருக்கு அதிக அதிகாரம் போகிறது என்ற கண்டனமும் அப்போதே எழுந்தது. சட்டம் வந்தால் மட்டும் போதாது. அதன்கீழ் வரும் விதிமுறைகளில் இவை இடம்பெற வேண்டும்:

1. ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள நிறுவனங்களின் பெயர், பேசிய விலை, ஒவ்வொரு ஆர்டரின் தொகை ஆகியவற்றைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

2. பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து, புதிய சிறு நிறுவனங்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

3. சிறு வேலைகளின் ஒதுக்கீடு இனத்தைப் பார்க்காமல் தேவையைப் பார்க்க வேண்டும். ஏழை இந்தியர், ஏழை மலாய்க்காரர், ஒராங் அஸ்லி, எல்லாரும் அதற்குள் வர வேண்டும்.

4. துணைக் குத்தகை எத்தனை கை மாறியது, வேலை செய்தவருக்கு எவ்வளவு சம்பளம், இபிஎஃப், சொக்சோ கட்டப்பட்டதா என்பதைக் காட்டாத நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மகனோ மகளோ அரசாங்க இலாகாவில் 'கொன்ட்ராக்' ஊழியராக இருந்தால், வேலைக் கடிதத்தை வாங்கிப் பாருங்கள். அதில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது? இபிஎஃப் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் இபிஎஃப் அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது கோயிலுக்கு மானியம் கேட்பதோடு நிற்காமல், இந்த நான்கையும் எழுதிக் கையில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.

கடையில் வாங்கும் சாமானுக்கும் சேவைக்கும் நாம் கட்டும் வரியும் அந்தக் குத்தகைப் பணத்தில் இருக்கிறது. நம் காசில் தயாராகும் பட்டியலை நம் கண்ணில் காட்டு என்று கேட்பது பிச்சை அல்ல. உரிமை!