முருகைக்கல் தொட்டிக்கு உப்பு: ஈரத்தை நிறுத்து விற்கலாமா?

"நாலா பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்கு டொலர் கொடுப்பதா?" வீட்டில் முருகைக்கல் தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்க நேரும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் வியாபாரிகள். எனவே வியாபாரப் பக்கத்திலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுவது நல்லது என்று கருதுகிறேன். அலங்கார மீன் கடைகளை நடத்துபவர்களிலும் அவற்றில் வாங்குபவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இந்த உப்பில் நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், புத்தளத்து உப்பு ஏன் போதாது? அதுவும் கடல் நீர்தானே என்பார்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கடல் நீர் பாத்தியில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. கல்சியத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. அதன் பிறகுதான் கறியுப்பு விளையும். உப்பு விளைந்ததும் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். மக்னீசியம் அதோடு போய்விடுகிறது. ஆக, உப்பளம் என்பது கடல் நீரிலிருந்து சோடியம் குளோரைட்டைத் தனியாகப் பிரித்தெடுக்கும் ஓர் ஏற்பாடு. சமையலுக்கு அது சிறப்பு. முருகைப் பூச்சிக்கோ, பிரித்து எறியப்பட்ட கல்சியம்தான் எலும்பு. கடல் நீரில் கரைந்துள்ளவற்றில் ஏறக்குறைய 85 வீதம் சோடியமும் குளோரைட்டும்தான். மிச்சத்தில் இருக்கும் மக்னீசியம், சல்பேற்று, கல்சியம், பொட்டாசியம், பைகாபனேற்று முதலியவற்றை உரிய விகிதத்தில் சேர்த்து ஆக்குவதே செயற்கைக் கடல் உப்பு. கொடுக்கும் பணம் அந்த 15 வீதத்துக்கும் அதன் சுத்தத்துக்கும்தான். (2025 இல் மழையால் உப்பளங்கள் பாதிக்கப்பட்டு, சமையல் உப்பையே இந்தியாவிலிருந்து இறக்க வேண்டி வந்ததையும் நாம் கண்டோம்.)

அப்படியானால் கடல் நீரையே கானில் அள்ளி வரலாமே? அள்ளலாம். நல்ல இடத்தில் அள்ளினால் அதைவிடச் சிறந்தது இல்லை. கொழும்பில் அந்த நல்ல இடம் எது என்பதுதான் சிக்கல். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. வடக்கே களனி கங்கையின் முகத்துவாரம். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மேற்குக் கரையில் நீர் கலங்கிப்போகும். ஆற்று வெள்ளம் சேர்ந்து உவர்ப்பும் குறையும். 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, 25 தொன் நைத்திரிக் அமிலத்தோடும் பிளாஸ்ரிக் மணிகளோடும் நம் கரைக்கு அருகே மூழ்கியதை மறந்துவிட முடியாது. படகில் வெளிக்கடலுக்குப் போய் அள்ளித் தரக்கூடிய நம்பகமான மீனவர் ஒருவர் உங்களுக்கு இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. மற்றவர்களுக்கு வாளி உப்புத்தான் வழி.

வாளி உப்பு டொலரில் வருவது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின், 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. முழு வாளி வாங்கும் சக்தி பலருக்கு இல்லாமல் போனதால், கடைக்காரர்கள் வாளியைப் பிரித்து ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று பொலித்தீன் பைகளில் கட்டி விற்கிறார்கள். ஏழை எளியவருக்கும் பொழுதுபோக்கு உண்டு. சில்லறையாக விற்பதில் குற்றம் காண மாட்டேன். எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. நமது காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மூடி திறந்த வாளி சில வாரங்களில் கட்டிபடும். ஒரு கடையில் நான் வாங்கிய இரண்டு கிலோ பை செங்கல்லைப் போல இருந்தது. அடியில் நீர் கசிந்திருந்தது. கணக்குப் பாருங்கள். ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 37 கிராம் உப்பு என்றால், ஒரு கிலோவில் 27 லீற்றர் கலக்கலாம். அந்தக் கிலோவில் 100 கிராம் ஈரமாக இருந்தால் 24 லீற்றர்தான் வரும். மூன்று லீற்றரின் காசு காற்றிலிருந்து வந்த தண்ணீருக்குக் கொடுத்தது. நட்டம் அதோடும் நிற்பதில்லை. ஈரம் புகுந்ததும் பைக்குள்ளேயே கல்சியமும் காபனேற்றும் சேர்ந்து கரையாத சுண்ணாம்பாகிவிடுகின்றன. அந்த உப்பை எவ்வளவு கலக்கினாலும் நீர் வெண்மையாகவே நிற்கும். கூடுதலாக உப்புப் போட்டு உவர்ப்பைச் சரிக்கட்டலாம். இழந்த காரத்தன்மை திரும்பி வராது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்ட ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் நபியவர்களின் கேள்வி. மழை வியாபாரியின் குற்றமல்ல, மறைத்ததே குற்றம். நமது காற்றின் ஈரமும் அப்படித்தான். கட்டிபட்ட உப்பைக் கட்டிபட்டது என்று சொல்லி, விலை குறைத்து, மீன் மாத்திரம் வளர்ப்பவருக்கு விற்பதில் தவறில்லை. புதிதாகக் கட்டிய உப்பின் விலைக்கு, பெயரும் திகதியும் இல்லாத பையில் கொடுப்பது வேறு விஷயம். (ஒன்றுக்கொன்று சமமாகவே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஹதீஸில் வரும் ஆறு பொருட்களில் உப்பும் ஒன்று. அதன் நிறையை அற்பமாக எண்ணுவதற்கில்லை.)

பிரித்து விற்பவர் செய்ய வேண்டியது பெரிதல்ல. வாளியைத் திறந்த அன்றே முழுவதையும் கட்டிவிட வேண்டும். கட்டுமுன் வாளியை உருட்டிக் கலக்க வேண்டும். பயணத்தில் பருமனான மணிகளும் நுண்ணிய தூளும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும், மேலிருந்து அள்ளினால் ஒருவருக்குக் கல்சியமும் மற்றவருக்கு மக்னீசியமும் கூடிப்போகும். பையைச் சூட்டில் ஒட்டி, உப்பின் பெயரையும் கட்டிய திகதியையும் எழுத வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குபவர் விலையை மட்டும் பார்க்காமல் தன் தொட்டியைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். மீன் மட்டும் என்றால் சாதாரண கடல் உப்பே போதும்; முருகைக்கல்லுக்கென்று வரும் விலை கூடிய உப்பு அநாவசியம். கல் முருகை வளர்ப்பவருக்குக் கல்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 வரை பிபிஎம் தரும் உப்பு வேண்டும். காரத்தன்மை இயற்கைக் கடலில் ஏறக்குறைய 7 டிகேஎச். சில உப்புகள் 8 அளவில் கலங்கும், சில 11 ஐயும் தாண்டும். எது உயர்ந்தது என்பதைவிட எது உங்கள் தொட்டியின் தற்போதைய அளவுக்கு அண்மையானது என்று பாருங்கள். வாரத்துக்கு வாரம் மலிவைத் தேடி உப்பை மாற்றுபவரின் தொட்டிதான் முதலில் வெளிறும்.

கலப்பதில் ஒரு விதியை மீறவே கூடாது: நீரில் உப்பைப் போடுங்கள், உப்பில் நீரை ஊற்றாதீர்கள். வாளியடியில் உப்பு இருக்க மேலே நீர் ஊற்றினால், அடர்ந்த கரைசலில் கல்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சிறிய மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, சிறுகச் சிறுகப் போட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் ஹீற்றர் போடச் சொல்லும். நமது அறை வெப்பத்துக்கு அது வேண்டாம், சூடு கூடினால் சுண்ணாம்பு இன்னும் இலகுவாகப் படியும். தெளிந்த பின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 35, ஒப்படர்த்தி 1.026 இருக்கிறதா என்று பாருங்கள். ரிஃப்ரக்டோமீற்றரை வெறும் நீரில் மாத்திரம் சரிபார்த்தால் போதாது, 35 இன் நியமக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். தொட்டியில் ஆவியாகிக் குறைவதை ஈடுசெய்ய உப்பு நீர் ஊற்றுபவர்கள் உண்டு. உப்பு ஆவியாவதில்லை, நல்ல நீரே ஊற்ற வேண்டும்.

அந்த நல்ல நீர்தான் வீட்டில் கிடைப்பதில்லை. குழாய் நீரில் குளோரீன், பழைய குழாயில் செம்பு; கற்பிட்டி போன்ற விவசாயப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று. 200 லீற்றர் தொட்டிக்கு வாரம் 20 லீற்றர் மாற்றுவதென்றால் மாதத்துக்கு மூன்று கிலோ உப்புத்தான் செலவாகும். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் ஆர்ஓ இயந்திரமும் அளவுகருவிகளும் வாங்குவது வீண்.

ஆகவே கடைக்காரச் சகோதரர்களுக்கு என் யோசனை, உப்பை விற்பதை விட்டுக் கலந்த நீரை விற்கப் பாருங்கள். ஓர் ஆர்ஓ இயந்திரம், அதன் பின்னால் அயன் நீக்கும் பிசின், டிடிஎஸ் மீற்றரில் பூச்சியம், மூடியுள்ள ஒரு 500 லீற்றர் தாங்கி, ஒரு மோட்டார். வாளி திறந்த அன்றே முழுதாகக் கரைந்துவிடும், ஈரத்துக்கு இடமே இல்லை. 20 லீற்றர் கானுக்கு விலை வைத்து, வாங்குபவர் கண்முன்னே உவர்ப்பை அளந்து காட்டிக் கொடுக்கலாம். கலந்த நீரை எத்தனை நாள் வைக்கலாம் என்பது உப்புக்கு உப்பு வேறுபடும், வாளியில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். ஆர்ஓ இயந்திரம் ஒரு லீற்றர் தர இரண்டு முதல் நான்கு லீற்றரைக் கழிக்கும். அதை வடிகாலில் விடாமல் ஒரு பீப்பாயில் பிடித்து வையுங்கள். கடை கழுவவும் வாகனம் கழுவவும் அது தாராளமாகப் போதும்.