பழைய தூணில் புதிய பீம்: இணைப்பை யார் சோதிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டு நகரங்களில் பழைய வீடுகளின் மேல் மாடி எழுப்புவதும் கடைகளை முன்புறம் நீட்டிக் கட்டுவதும் பெருகிவரும் நிலையில், புதிய கான்கிரீட் பீம் பழைய தூணோடு சேரும் இடத்தை அனுமதி வழங்கும் அமைப்புகள் கண்டுகொள்ளாமல் விடுவது கண்டிக்கத்தக்கது. பக்க இடைவெளியும் தளப்பரப்பும் வரைபடத்தில் அளந்து பார்க்கப்படுகின்றன. கூரையின் எடையைத் தூணுக்குக் கடத்தும் கம்பி அதற்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கேட்பார் பெரும்பாலும் இல்லை.

பல இடங்களில் தூணின் பூச்சையும் கம்பியை மூடிக் காக்கும் கவர் கான்கிரீட்டையும் கொத்தி எடுத்து, நான்கு அங்குலம் துளையிட்டு, உள்ளிருக்கும் தூசியைக்கூட ஊதாமல் சிமெண்ட் பாலை ஊற்றிக் கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். அப்போது தூணின் ரிங், அதாவது நெடுக்குக் கம்பிகள் பிதுங்காமல் சுற்றி இறுக்கியிருக்கும் வளையக் கம்பி, அறுபட்டாலும் பொருட்படுத்துவதில்லை.

கம்பி உருவி வராமல் தன் முழு வலிமையையும் தருவதற்குக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டிய அளவே பிடிப்பு நீளம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456 விதித்தொகுப்பின் (2000) கணக்குப்படி, எம்20 தரக் கான்கிரீட்டில் எஃப்.இ.500 தர 16 மி.மீ. முறுக்குக் கம்பிக்கு இது ஏறத்தாழ 900 மி.மீ.; வீடுகளில் வழக்கமான ஒன்பது அங்குலத் தூணின் அகலமோ 230 மி.மீ. மட்டுமே. புதுக் கட்டடத்தில் கம்பியைத் தூணுக்குள் வளைத்து இறக்கி இந்த நீளத்தைப் பெறலாம், இறுகிவிட்ட தூணில் அதற்கு வழியில்லை. நான்கு அங்குலமே நுழைந்த பீமின் மேல்கம்பி பாரம் ஏறியதும் நழுவத் தொடங்க, தூணின் முகத்தையொட்டி விரிசல் விடுகிறது; அதையும் பூச்சு மறைத்துவிடுகிறது.

எபாக்சி பசை கொண்டு கம்பியைப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் முறை நல்லதே. ஆனால் துளையின் ஆழத்தைப் பொறியாளர் கணக்கிட்டு, துளையைத் தூரிகையால் தேய்த்து ஊதிச் சுத்தம் செய்து, அடியிலிருந்து பசையை நிரப்பி, அது இறுகும்வரை கம்பியை அசைக்காமல் விட்டால்தான் அது பிடிக்கும். தீ விபத்தின் வெப்பத்தில் இப்பசை கம்பிக்கு வெகு முன்னரே வலுவிழக்கும் என்பதையும் மறக்கலாகாது. பழைய தூணே நலிந்திருந்தால், அதைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு உறையிடுவதோ, தனி அடித்தளத்துடன் பக்கத்தில் வேறு தூண் எழுப்புவதோதான் முறை.

ஆகவே, கூடுதல் கட்டுமானம் ஒவ்வொன்றுக்கும் பொறியாளர் கையொப்பமிட்ட இணைப்பு வரைபடத்தையும், பதித்த கம்பிகளில் சிலவற்றை இழுத்துப் பார்த்த சோதனை அறிக்கையையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றிய பின் அந்த இடத்தைத் திறந்து பார்க்க முடியாதாகையால், அதிகாரியின் நேரடி ஆய்வு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பள்ளிகளும் மருத்துவமனைகளும் விரிவாக்கப்படும்போது இதில் எந்த விலக்கும் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை