சீவாளி போனால் நாயனத்தை எறிவார்களா?

“எனக்குக் காது போச்சும்மா. இனிமே அந்தப் பெட்டியைப் போட வேண்டாம்.”

சென்ற வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் என் மாமியார் இப்படிச் சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு 83 வயது. அந்த வயதில் காது மந்தமாவது என்ன அதிசயம்? வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. நானும்தான்.

‘பெட்டி’ என்று அவர் சொன்னது எங்கள் மாமனார் விட்டுப்போன இரண்டு ஒலிபெருக்கிகளை. 1982-ல் மேலூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகை ஒன்று மூடிவிட்டார்கள். சாமான்கள் விலைக்கு வந்தபோது மாமா இவற்றை வாங்கி வந்து, தேக்குப் பலகையில் கூடு செய்து கூடத்தில் வைத்தார். அடியில் தாம்பாளம் போல ஒரு காகிதக் கூம்பு. மேலே ஊமத்தம் பூ மாதிரி விரிந்த ஓர் இரும்புப் புனல். சாயங்காலம் விளக்கேற்றியதும் அத்தைக்கு எம். எஸ். பாட்டு வேண்டும். 1916-ல் இதே மதுரையில் பிறந்தவர் அல்லவா? “எங்க ஊர்ப் பொண்ணு” என்று உரிமையோடு சொல்வார். 1945-ல் வந்த ‘மீரா’ படத்துப் பாட்டுக்கள் என்றால் ராச் சாப்பாடு கூட மறந்து போகும்.

அந்தப் பெட்டியை நிறுத்திய பிறகு அத்தை கூடத்துக்கு வருவதையே குறைத்துக் கொண்டார். ஏதாவது கேட்டால் பதில் வராது. நாங்களும் உரக்கப் பேச ஆரம்பித்தோம். சகோதரிகளே, சத்தம் போட்டுக்கொண்டே பிரியமாகப் பேச முடியாது. இது என் அனுபவம். “காப்பி வேணுமா அத்தை?” என்று கேட்டால் கூட, கேட்பவர் காதுக்குச் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். இரண்டு மாதத்தில் அவர் ஒரு மூலைக்குப் போய்விட்டார்.

பங்குனியில் ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது, துணைக்கு இருக்கட்டும் என்று நானே ஒரு இசைத்தட்டைப் போட்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! எம். எஸ்ஸின் குரல் கம்பளிக்குள் முக்காடிட்டுப் பாடுவது போல வந்தது. ராகம் இருக்கிறது, வார்த்தை இல்லை. மிருதங்கத்தின் தொப்பி கேட்கிறது, வலந்தலை கேட்கவில்லை. ஜால்ரா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எனக்குமா காது போய்விட்டது?

என் மகனிடம் சொன்னேன். அவன் மறுநாளே கடைவீதியில் சின்னதாக இரண்டு ‘பீசோ’ ட்வீட்டர் வாங்கி வந்து மாட்டினான். ஜால்ரா வந்தது, கூடவே எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தமும் வந்தது. அத்தை உள்ளேயிருந்து, “டேய் பேராண்டி, இதுக்குக் காது கேக்காம இருந்ததே தேவலைடா!” என்றார்.

“அப்பத்தாவுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டது?” என்று அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிப் புனலின் வாயில் வைத்துக் காதைக் கொடுத்தார். மறு பெட்டியிலும் அப்படியே.

“இரண்டும் ஊமைம்மா. ஒன்று போய் வருஷக்கணக்காச்சு, உங்களுக்குத் தெரியலை. மற்றது இப்பத்தான் போயிருக்கு.”

“பெட்டியையே மாற்ற வேண்டுமா பாய்?”

“சீவாளி போச்சுன்னா நாயனத்தை எறிவாங்களாம்மா?”

எவ்வளவு அழகான பதில்! ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு நாகஸ்வரம் வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இந்த மதுரைக்காரர்கள். அவர்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சீவாளிதான் அதிர்கிறது. நீண்டு விரிகிற குழலும் கீழே உள்ள அணசும் அந்த அதிர்வை நாலு வீதிக்கும் எடுத்துப் போகின்றன. ஒலிபெருக்கிப் புனலும் அப்படியே. அதன் பின்னால் காந்தத்துக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. ‘டயாஃப்ரம்’ என்பது அதன் பெயர். அலுமினியத்திலோ, பிசின் ஊறிய துணியிலோ செய்வார்கள். இக்காலத்தில் டைட்டானியத்திலும் வருகிறது. அதன் விளிம்பில் தலைமயிர் போன்ற கம்பிச் சுருள். தகடு அசைவதோ இம்மியளவு. கம்மாய்க் கரையில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிடும்போது இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோமே, அந்த வேலையைப் புனல் செய்கிறது.

பேசும் படம் பிறந்ததே இந்தப் புனலை நம்பித்தான். 1926-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி செய்த ‘555’ என்ற யூனிட், மிகச் சில வாட் மின்சாரத்தில் பெரிய கொட்டகையையே நிரப்பியது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல். 1952-ல் இங்கே தங்கம் தியேட்டர் திறந்தபோது ‘பராசக்தி’ வசனத்துக்கு ஊரே கூடியது. கடைசி வரிசைக்காரனுக்கும் வசனம் புரிய வேண்டுமானால் ச, த, க போன்ற எழுத்துக்கள் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். குரலின் கனம் அடி ஸ்தாயியில் இருக்கிறது. சொல்லின் தெளிவு உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்த புனலின் பிழைப்பு அதுதான். கொட்டகையில் அதைச் செய்த புனல்தான் எங்கள் கூடத்தில் ஊமையாகக் கிடந்தது.

பாய் திறந்து பார்த்ததில், ஒன்றில் கம்பி அறுந்திருந்தது. மற்றதில் தகடு விரிசல் கண்டிருந்தது. அதே அளவுத் தகடு கிடைத்தால் அதுவே உத்தமம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதே புனலில் பொருந்துகிற, ஓர் அங்குல வாயுள்ள புது யூனிட் ஜோடியாக இரண்டு வாங்கினோம்.

மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று என் மகன் நினைத்தான். பாய் சிரித்தார். “பழசு 16 ஓம், புதுசு 8 ஓம். வாசலில் நிற்கிற காவல்காரனையும் மாற்றணும், தம்பி.”

காவல்காரன் என்றது கண்டென்ஸரை. கனத்த ஸ்வரங்கள் மெல்லிய தகட்டுக்குள் போய் அதைக் கிழிக்காதபடி அது தடுக்கிறது. பெட்டியில் இருந்தது 5 மைக்ரோஃபாரட். 16 ஓமுக்கு அது சுமார் 2000 அதிர்வுக்கு மேல்தான் வழி விடும். அதையே 8 ஓமுக்கு வைத்தால் 4000-க்கு மேல்தான் வழி திறக்கும். நடுவில் ஒரு பள்ளம் விழும்; சொல்லின் தெளிவு முக்கியமாக அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது! ஆகவே 10 மைக்ரோஃபாரட் வைத்தார். பழைய கண்டென்ஸர் வெகு நாளில் அளவு மாறிப்போயிருக்கும் என்பதால், எப்படியும் மாற்றத்தான் வேண்டுமாம்.

இன்னொன்று. புனல் வைத்த யூனிட் சாதாரணக் காகிதக் கூம்பைவிடச் சுமார் 10 டெசிபல் ஓங்கி ஒலிக்கும். கூம்பு அதற்கு ஈடு கொடுக்கப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். அதனால் ரெஸிஸ்டர் வைத்துப் புனலை அடக்கினார். “நாட்டுப்பெண் கெட்டிக்காரிதான். ஆனாலும் வந்த அன்றைக்கே மாமியாரைவிட உரக்கப் பேசக் கூடாதில்லே?” என்றார். நான் உள்ளே காப்பி கலக்கப் போய்விட்டேன்!

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் இதைச் செய்து பாருங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, காகிதக் குழல் வழியே புனலைக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊமையானால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இடது வலது கம்பிகளை மாற்றிப் போடுங்கள். ஊமைத்தனம் இடம் மாறினால் கோளாறு பெட்டியில் இல்லை, மாறாவிட்டால் பெட்டியில்தான். வால்வு ஆம்ப்ளிஃபையரை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயிரை வாங்கும் மின்சாரம் தங்கியிருக்கும். கல்யாண வீட்டு உற்சாகத்தில் குரல் கிழியும் அளவுக்குத் திருகவும் வேண்டாம். முதலில் பலியாவது அந்த மெல்லிய தகடுதான்.

வேலை முடிந்த அன்று மாலை அத்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன். ‘மீரா’ பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது. “ஜால்ரா கேக்குதும்மா” என்றார். கண் நிறைந்திருந்தது.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். கொஞ்சம் மந்தம் இருக்கத்தான் செய்தது. வயதானால் உயர்ந்த ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகுமாம். ‘சத்தம் கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை’ என்பார்களாம். ஊமைப் புனலும் மூத்த காதும் சொல்கிற புகார் ஒன்றேதான்! எது பழுது என்று பார்க்காமல் நாங்கள் கிழவியின் தலையில் பழியைப் போட்டோம். அவரும் சுமந்துகொண்டு மூலைக்குப் போனார். பெட்டிக்கு மெக்கானிக்கைத் தேடத் தோன்றிய எனக்கு, அவரை டாக்டரிடம் காட்ட அதற்கு முன்னால் தோன்றவில்லையே என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அத்தை காதில் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். பழக்க தோஷத்தில் நேற்று நான், “அத்தை! காப்பி வேணுமா?” என்று கத்தினேன்.

“ஏம்மா கத்துறே? எம். எஸ். பாடுறது கேக்க வேணாமா?” என்றார்.